தொட்டியும் சோப்புக் குமிழியும்

மீன்பிடிப் படகுக்காகப் புதிதாகச் செய்த அலுமினிய டீசல் தொட்டிக்குத் தன் பளபளப்பில் ஏகப்பட்ட கர்வம். வெல்டர் மரியதாஸ் அதற்குள் காற்றை அடைத்து, பற்றவைத்த இடமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினார். அடிமூலையில் ஒரு குமிழி முளைத்தது.

"அண்ணே, இங்கே ஓட்டை இருக்கு," என்றது குமிழி.

"பொடிப்பயலே, எனக்கா ஓட்டை?" என்று சீறியது தொட்டி.

பதில் சொல்லுமுன் குமிழி உடைந்துபோனது. மரியதாஸ் அந்த இடத்தை மறுபடி பற்றவைத்தார்.

பிறகொரு நாள் நடுக்கடலில் புயல் படகைப் புரட்டியெடுத்தது. ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லை. தொட்டிக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து படகோரம் நுரை பொங்கும்போதெல்லாம், "வந்துட்டியா தம்பி? உன்னாலதான் எல்லாரும் கரை சேர்ந்தோம்," என்று உருகுகிறது.

அது வெறும் கடல் நுரை என்று வயிற்றிலிருக்கும் டீசலுக்குத் தெரியும். சொல்லத்தான் மனசு வரவில்லை.