பிறந்த வீட்டுக் கோடி

அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுக்க எல்லாம் தயார். தாய்மாமன் கொண்டுவரும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலைதான் பாக்கி. "எங்க வர்றாருன்னு கேளு கதிரேசா" என்று ஆளாளுக்கு என்னை நச்சரித்தார்கள். ஆறு முறை மெசேஜ் போட்டேன். தனியாகக் காரோட்டி வந்த மாமா ஆறுக்கும் பதில் போட்டார். கடைசிப் பதில், "பாலம் தாண்டிட்டேன், எடுத்திராதீங்க." ஏழாவது முறையும் கேட்டேன். டைப் செய்கிறார் என்று காட்டியது. பிறகு அதுவும் அணைந்தது.

லாரிக்கு அடியில் நொறுங்கிக் கிடந்த காரிலிருந்து சித்தப்பா சேலையை எடுத்துவந்தார். அம்மாவுக்குப் போர்த்தும்முன் உதறினோம். கண்ணாடித் துகள்கள் உதிர்ந்தன. "எடுத்துரலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. ஊரிலிருந்து மாமாவின் மனைவி: "மாமா வந்துட்டாரா தம்பி? நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன், பதிலே போடல."