குளிர் மலையில் ஒரு காத்தாடி

"யுவா, உமாதேவி அக்காவோட ரைஸ் குக்கர் சூடாகலையாம். என்னன்னு பாரு."

அம்மா நளினி குக்கரைக் கொண்டுவந்து பாடப் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

யுவனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படிக்கிற பெண் லீவுக்கு வந்தால், தோட்டத்து லயத்து வீடுகளெல்லாம் இனி ஓட்டை உடைசலைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்குமா? எல்லாம் அம்மா பண்ணுகிற வேலை. தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் நின்றுகொண்டு, எம் மக கரண்டு இஞ்சினியர், எது கெட்டாலும் கொண்டாங்க என்று தம்பட்டம் அடித்திருக்கிறாள்.

அந்தக் கரண்டு இஞ்சினியர் மின் இயந்திரம், மின்காந்தப் புலம் என்று இரண்டு பாடத்திலும் கோட்டை விட்டுவிட்டு வந்த கதை அம்மாவுக்கு எங்கே தெரியும்?

மறுபடியும் எழுத வேண்டும். புத்தகத்தைத் திறந்தால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. மோட்டாருக்கு இடது கை விதி, ஜெனரேட்டருக்கு வலது கை விதி. முந்தாநாள் இவள் விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு வேலம்மா அத்தை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, பரதநாட்டியமாம்மா என்று கேட்டுவிட்டு வேறு போனாள்.

அதோடு போதுமடா சாமி என்று ஆகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகேதான் போனுக்கு லைன் கிடைக்கும். அன்றே அங்கே நின்று தோழி பூவிழியிடம் சொல்லியும் விட்டிருந்தாள்.

"நான் வரலடி. படிப்ப விட்டுடப் போறேன். இங்க பிரிஞ்சாங் டவுன்ல ஏதாவது ஹோட்டல்ல வேலை பாத்துக்கறேன்."

அம்மாவிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.

சரி, குக்கரையாவது பார்ப்போம் என்று அடிப்பக்கத்தைத் திறந்தாள். ஒரு வயர் கழன்று தொங்கியது. மாட்டினாள். விளக்கு எரிந்தது. உமாதேவி வந்து, படிச்ச புள்ள படிச்ச புள்ளதான் என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஒரு மிக்சி. அதிலும் ஒரு வயர் கழன்றிருந்தது. அப்புறம் ஓர் இஸ்திரிப் பெட்டி. அதற்கும் அதே கோளாறு.

என்ன கண்றாவி இது, லயம் முழுக்க ஒரே வியாதியா என்று தலையைச் சொறிந்தாள். ஆனாலும், உள்ளதைச் சொன்னால், மாட்டி முடித்ததும் சாமான் உயிர் பெறுவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அப்புறம் கோயில் தலைவர் நாகப்பன் ஒரு மேசைக் காத்தாடியோடு வந்து நின்றார்.

"இந்தக் குளிருல காத்தாடி எதுக்கு மாமா?"

நாகப்பன் ஒரு கணம் பக்கத்தில் நின்ற நளினியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, மழையில் துணி காய மாட்டேன் என்கிறது, அதற்குத்தான் என்று இழுத்தார்.

ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு யுவனேஸ்வரி மோட்டாரைக் கழற்றினாள். வழக்கம்போல வயர்தான். மாட்டிவிட்டு நடுவிலிருந்த உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, இதுக்குள்ள ஒரு வயர்கூடப் போகல பாருங்க. பிறகு எப்படிச் சுத்துது?"

"எல்லாம் முருகன் செயல்லா," என்றார் நாகப்பன்.

அவள் காதில் அது விழவில்லை. சுற்றிலும் கம்பிச் சுருள். அதில் கரண்டு பாய்ந்தால் காந்தப் புலம் வட்டமாக ஓடும். நடுவிலிருப்பது அதைத் துரத்திக்கொண்டு ஓடும். தொட்டுப் பிடிக்கிற விளையாட்டு! பிடித்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். அதனால்தான் எப்போதும் ஓரடி பின்னாலேயே ஓடுகிறது.

அடப்பாவி, இதைத்தானா இந்தப் புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்லி அழுதது? நாகப்பன் இருப்பதையே மறந்து உள்ளே ஓடிப் புத்தகத்தைப் புரட்டினாள். நேற்றுவரை கம்பளிப் பூச்சி மாதிரி நெளிந்த சமன்பாடுகள் இன்று கொஞ்சம் நின்று பேசின. எல்லாம் புரிந்ததென்று சொல்ல முடியாது. ஆனால் புரியும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பையில் துணிகளை அடுக்கினாள். தொட்டியருகே போய், நாளைக்கு வர்றேன்டி என்று பூவிழியிடம் சொன்னாள்.

திரும்பி வந்தால் வாசலில் வேலம்மா அத்தை. கையில் ஒரு டார்ச் லைட்.

"எரிய மாட்டேங்குதும்மா. போறதுக்குள்ள பாத்துக் குடுத்துட்டுப் போ."

யுவனேஸ்வரி மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளே காலி.

"அத்தை, இதுல பேட்டரியே இல்லையே?"

வேலம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு பேட்டரிகள் உருண்டன.

"நான்தான் எடுத்து வச்சேன். மத்தவங்க மாதிரி வயரப் புடுங்க எனக்குப் பயம்லா."

யுவனேஸ்வரிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது.

"நீ படிப்ப விடப் போறேன்னு போன்ல சொன்னியாமே, அதக் கேட்டுட்டு ஒங்கம்மா வீடு வீடா வந்து அழுதுச்சு. எம் புள்ளைக்குத் தன்னால முடியும்னு தோணணும், ஆளுக்கு ஒண்ணக் கெடுத்துக் கொண்டாங்கன்னு. பாவம் நாகப்பன், வீட்டுல எதயும் கெடுக்கப் பொண்டாட்டி விடலன்னு மலைக்குக் கீழ ஈப்போவுல மக வீட்டுக்குப் போயி காத்தாடியத் தூக்கியாந்தாரு. நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?"