செலவாகாத பதினெட்டாயிரம் லிட்டர்

வயல்களுக்கும் நகரங்களுக்கும் மலைப்பதிகளுக்கும் நீரைப் பங்கிடும் கணினிக்கு விதி எழுதிய பொறியாளன் நான். இவ்வாண்டு செலவழித்த அளவே அடுத்த ஆண்டின் பங்கு என்பது அவ்விதி. அதன் எளிமையைப் பாராட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

கணக்காண்டின் கடைசி நாளான மார்ச் முப்பத்தொன்றன்று, மாலை நான்கு மணிக்குக் கோரைப்பதி என்னும் மலைக்குடியிருப்புக்கு விரைந்தேன். வழியெங்கும் விவசாயிகள் வரப்பு வழிய நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தனர். நகராட்சி சாலைகளைக் கழுவிக்கொண்டிருந்தது. முப்பது குடும்பங்கள் வாழும் கோரைப்பதியில் மட்டும் பதினெட்டாயிரம் லிட்டர் எஞ்சியிருந்தது.

“ஆறு மணிக்குள் செலவழித்துவிடுங்கள். இல்லையெனில் அடுத்த ஆண்டு இவ்வளவும் குறைந்துவிடும்” என்றேன்.

பதியின் தலைவி நஞ்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“மழை நல்லா பேஞ்சுதுங்க, மிச்சம் புடிச்சோம். அதுக்கா தண்டனை, சாரு?”

“விதி அப்படி.”

“எந்தப் புத்திசாலி எழுதுனதுங்க?”

“மேலிடம்” என்றேன்.

பதியின் எட்டுக் குழாய்களையும் நானே திறந்துவிட்டேன். முதற்குடம் நிறைந்து வழிந்ததும் குழாயை மூட நஞ்சி கை நீட்டினாள். முப்பது ஆண்டுகள் நீர்ச்சிக்கனம் பற்றி வகுப்பெடுத்த நான், குறுக்கே நின்று அவளைத் தடுத்தேன்.