மச்சான் வருவதற்குள்

"இன்னுமா கழட்டுறீங்க?" என்று சுராயா மறுபடியும் கேட்டாள். கையில் செல்போன் டார்ச். பாலக்கரையில் அந்தக் குறுகலான சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்ற பிக்கப் வண்டியின் பானெட்டுக்குள், அவள் கணவன் ஜமீல் இடுப்புவரை கவிழ்ந்து கிடந்தான்.

"லைட்டை என் மூஞ்சியில அடிக்காத. என்ஜின்ல அடி."

"எது மூஞ்சி, எது என்ஜின்னு தெரியலைங்க. ரெண்டும் ஒரே கறுப்பா இருக்கு."

கிராங்க் சென்சார் விரல் நீளம்தான் இருக்கும். ஒரு போல்ட், ஒரு கிளிப். ஆனால் கை நுழையாத இடத்தில் இருந்தது. அது செத்துப்போனால் எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் வண்டி கிளம்பாது. போன வருஷம் பக்ரீதுக்கு முன்னால் இருவரும் தெரிந்துகொண்ட விஷயம் இது.

காலையில் சுராயாவின் தம்பி இம்தியாஸ் போன் செய்திருந்தான். சமயபுரத்தில் குர்பானிக்கு ஆடு பேசி வைத்திருக்கிறானாம். சாயங்காலம் ஏற்றி வர வண்டி வேண்டுமாம்.

"வண்டி தகராறு பண்ணுது மச்சான். போன வருஷம் போச்சே, அதே சென்சார்" என்றான் ஜமீல்.

"அதேவா? நம்ம வண்டி எந்த வருஷ மாடல் மச்சான்?"

"பதினெட்டு."

"சரி, எதுக்கும் நாலு மணிக்கு வந்து பார்க்கிறேன். அக்காவை டீ போட்டு வைக்கச் சொல்லுங்க."

அதிலிருந்து சுராயாவுக்கு நிலைகொள்ளவில்லை. "அவன் வந்ததும் முதல்ல சாவியைத்தான் திருப்புவான். அதுக்குள்ள முடிச்சிருங்க" என்றாள். "விடிஞ்சா மண்ணச்சநல்லூர் மில்லுல லோடு. அது கைய விட்டுப் போச்சுன்னா நமக்கு வேற பொழப்பு இல்லை."

"எனக்கு மட்டும் தெரியாதா? பேசாம பிடி."

கடைசியில் போல்ட் இளகியது. ஜமீல் சென்சாரை உருவி வெளியே நீட்டினான். சுராயா அதைப் பழைய துப்பட்டாத் துணியில் துடைத்துச் சுற்றி வைத்துவிட்டு, பீரோவிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். அதன்மேல் இருந்த தூசியை ஜமீல் ஊதித் தள்ளிவிட்டு, மாட்டி முடுக்கினான்.

பானெட்டை மூடிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினான்.

ட்ர்ர்ர்ர் என்று இழுத்தது. கிளம்பவில்லை. மறுபடி திருப்பினான். மறுபடியும் வெறும் இழுப்புதான்.

சுராயா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். "அல்ஹம்துலில்லாஹ். சுத்தமா கிளம்பலைங்க."

ஜமீல் சிரித்துக்கொண்டே இறங்கினான். "ராத்திரி இஷா தொழுதுட்டு வந்து நல்லதை மாட்டிடறேன். அதைப் பத்திரமா உள்ள வை."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இம்தியாஸ் இந்த வண்டியில் ஏற்றி வந்த ஆடுகள் எப்போதோ குழம்பாகிவிட்டன. வாடை மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. சுராயா எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. மில் முதலாளி தங்கையன் தார்ப்பாயை முகர்ந்து பார்த்து, "ஏம்ப்பா, நான் பொன்னியரிசி ஏத்திவிட்டா நீ பிரியாணியா இறக்கிடுவ போலிருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இந்த வாடை வந்துச்சுன்னா, வண்டியை உள்ளேயே விடாத. அப்படியே திருப்பிக்க."

போன வருஷம் அல்லாஹ் காப்பாற்றினான். சென்சார் தானாகவே செத்தது. புதியதை மாட்டிய பிறகும் சுராயா செத்ததைத் தூக்கிப் போடவில்லை. கூடப் பிறந்தவனிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. வண்டி சொல்லட்டும் என்று நினைத்தாள்.

இம்தியாஸ் சொன்னபடியே நாலு மணிக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். ட்ர்ர்ர்ர்.

"பாவம் மச்சான் நீங்க" என்று இறங்கினான்.

"எங்களை விடு தம்பி, உனக்குத்தான் சிரமம்." சுராயா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு டீயை நீட்டினாள். "சென்சார் எங்கேயும் ஸ்டாக் இல்லையாம். ஆர்டர் போட்டு வரவே ஒரு வாரம் ஆகுமாம்."

மனைவி இவ்வளவு நன்றாகச் சொல்வாள் என்று ஜமீல் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மச்சானின் தோளில் கை போட்டான்.

"உனக்கு இல்லாத வண்டியா மச்சான்? இது மட்டும் ஓடுற நிலைமையில இருந்தா, ஒரு சாயங்காலம் என்ன, பெருநாள் முடியிற வரைக்கும் நீயே வெச்சுக்கன்னு சாவியைக் கையில கொடுத்திருப்பேன். ஒரு ஆடு என்ன, ஊர் ஆட்டையெல்லாம் ஏத்திக்க."

"பெருநாள் முடியிற வரைக்குமா?"

"பின்ன? என் வண்டி வேற, உன் வண்டி வேறயா?"

இம்தியாஸின் கண் கலங்கியதுபோல் இருந்தது. டீயைக் குடித்து முடித்து, கிளாஸைப் பானெட்டின் மேல் வைத்தான். சட்டைப் பையில் கையை விட்டு, சீல் பிரிக்காத சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தான்.

"பதினெட்டு மாடலுக்கு இதுதானாம். ஸ்பேனரை எடுங்க மச்சான்."