வடக்குப் பக்கத்துக் கல்

இப்போதெல்லாம் செத்தவர்களைக்கூட நிம்மதியாகக் கிடக்க விடுவதில்லை. காரில் வந்திறங்கி, எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பாட்டன் முப்பாட்டனைத் தேடுகிறார்கள். இதோ கிளைவ் என்று ஒருவன். தேவாலயத்தின் வடக்குப் பக்கம், வெயில் விழாத ஈரப் புல்லில் முட்டிபோட்டு, ஒரு கல்லின் பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டுகிறான். ஒவ்வொரு இழுப்புக்கும் என் பல் கூசுகிறது. சைலஸ் லஸ்கம் என்ற பெயர் மெல்ல வெளியே வருகிறது. சைலஸின் பேத்தி ஹெஸ்டர், ஊன்றுகோலை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு பின்னால் நிற்கிறாள். தாத்தா மில் குளத்தில் கால் வழுக்கி விழுந்தார் என்றுதான் அவள் என்றைக்கும் சொல்வாள். “வடக்குப் பக்கமா? தற்கொலை பண்ணிக்கிட்டவங்களைத்தானே அந்தக் காலத்துல இங்க போடுவாங்க?” என்கிறான் அவன், திரும்பிப் பார்க்காமலே. ஹெஸ்டர் ஓர் அடி முன்னால் வருகிறாள். “என்னடா சொன்ன? பாசியைச் சுரண்டினா கதையும் சேர்ந்து வருதோ உனக்கு?” ஊன்றுகோல் தரையைவிட்டு எழும்புகிறது. கூட நின்றிருந்த பாதிரியார் அவசரமாக நடுவே வருகிறார். “அதெல்லாம் இல்ல ஹெஸ்டர். தெற்குப் பக்கம் அப்பவே நெரம்பிப்போச்சு. இடமில்லாமதான் இங்க வெச்சாங்க.” அவள் என்னைப் பார்க்கிறாள். “நீ சொல்லு நார்மன், நெரம்பித்தானே இருந்துச்சு?” பிரஷ் நிற்கிறது. மூன்று பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். “பாதிரியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்கிறேன். ஊன்றுகோல் இறங்குகிறது.

தொப்பியை மாட்டிக்கொண்டு தெற்குப் பக்கமாக வெளியேறுகிறேன். மதில்வரைக்கும், ஒரு கல்கூட இல்லாத புல்தரை வெயிலில் கிடக்கிறது. நிரம்பிவிட்டதாம்.