பதினோராம் பக்கத்துப் பரிசு

மேசைக் கடிகாரத்தைப் பளபளவென்று துடைத்து வைத்துவிட்டு, வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முன்பின் பார்த்திராத ஒருவருக்காகக் காத்திருந்தேன். எதிர் நாற்காலியில் என் மனைவி, கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி இருந்தாள்.

"மணி நாலே முக்கால். இன்னும் கால் மணி நேரம்தாங்க உங்க ரசிகருக்கு" என்றாள்.

நான் சட்டமன்ற உறுப்பினர். ஒவ்வொரு வசந்தத்திலும் கூட்டத்தொடர் முடிந்ததும் தொகுதி மக்களுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். பன்னிரண்டு பக்கம். பட்ஜெட்டில் நம் பள்ளிக்கூடத்துக் கூரை எந்தத் தலைப்புக்குள் ஒளிந்திருக்கிறது, நம் ஆற்று நடைபாலத்துக்கான மசோதா எந்தக் குழுவில் எத்தனை நாள் கிடந்தது, எல்லாம் அதில் இருக்கும்.

எது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதில் எனக்கு அலாதி ஆசை. கேட்பவர்களுக்கு அப்படி இல்லை என்பதும் தெரியும். நான் மைக்கைத் தொட்டதும் முன்வரிசை கொட்டாவி விடும்; பின்வரிசை அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

மனைவி மருந்துக் கடை வைத்திருக்கிறாள். "மாத்திரை டப்பாவுக்குள்ள எட்டா மடிச்சு ஒரு தாள் வருதே, அதையே யாரும் பிரிச்சுப் படிக்கிறதில்ல. அதுலயாவது உயிர் போற விஷயம் இருக்கு. உங்க கடிதத்துல என்ன இருக்கு? அரைப் பக்கமாச் சுருக்குங்க" என்றாள், நான் இந்த ஆண்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினோராம் பக்கத்தில், வடிகால் பராமரிப்பு பற்றிய பத்தியின் நடுவே ஒரு வாக்கியத்தைச் செருகினேன். 'இந்த வரியைப் படித்தவர் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் அலுவலகத்துக்கு வந்தால், என் மேசைக் கடிகாரம் அவருக்கே.' ஒருவரும் வராவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து அரைப் பக்கம்தான் என்று அவளுக்கு வாக்கும் கொடுத்தேன்.

எட்டாயிரம் வீடுகளுக்குக் கடிதம் போயிற்று. ஆறு நாட்களில் வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். இன்னொருவர் மாடியிலிருக்கும் பல் மருத்துவரைத் தேடி வந்தவர். மூன்றாமவர் கையில் என் கடிதம் இருந்தது. எழுந்து நின்றே வரவேற்றேன். முகவரி மாறி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. நடுத்தர வயதுப் பெண். தோளில் துணிப்பை, காதோரம் செருகிய பென்சில், கையில் என் கடிதம். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சில் குறிகள்!

"பதினோராம் பக்கம் பார்த்துட்டு வந்தேன் சார்" என்றார்.

நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் மோதியது. "பார்த்தியா! பார்த்தியா!" என்றேன் மனைவியிடம். "மொத்தமும் படிச்சீங்களாம்மா?"

"பன்னிரண்டு பக்கமும் சார். ரெண்டு தடவை."

மனைவி கட்டியிருந்த கையைப் பிரித்தாள். கல்யாணமான இருபத்து நான்கு வருடத்தில் அவள் என்னிடம் தோற்றது அன்றுதான்.

கடிகாரத்தை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "அது இருக்கட்டும் சார். நடைபாலச் சட்டத்துல ஒரு சந்தேகம்."

சந்தேகம்! இந்தச் சொல்லுக்காக எத்தனை மேடைகளில் தவம் கிடந்திருக்கிறேன். "கேளுங்கம்மா, கேளுங்க. அது நானே கொண்டுவந்த மசோதா. சபையில மூணு தடவை வாசிப்புக்கு வரும். வாசிப்புன்னா முழுசும் இல்ல, தலைப்பை மட்டும்தான் வாசிப்பாங்க. வேணுங்கிறவங்க 'ஆம்'னு குரல் கொடுக்கணும். மூணு தடவையும் என் குரல்தான் பெரிசு."

"தெரியும் சார். கடிதத்துல பதிமூணு பிரிவுன்னு எழுதியிருக்கீங்க. பதிமூணுதானா?"

"பதிமூணேதான். நான்தானே குறிப்பு எழுதிக் கொடுத்தேன். சட்ட வரைவு அறையில அதைப் பார்த்து மசோதாவா எழுதினாங்க. ஒவ்வொரு பிரிவா விளக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் சார்" என்றவர், பையிலிருந்து அச்சான சட்டத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "இதை மட்டும் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். தடித்த எழுத்தில் பதினான்கு என்று எண் போட்டிருந்தது.

"இப்பிரிவைப் படித்த உறுப்பினர் எவரும் சட்ட வரைவு அறைக்கு நேரில் வந்தால், அவ்வறை எழுத்தரின் மேசை விளக்கு அவருக்கே உரியதாகும்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"இது... இது எப்படி உள்ள வந்துச்சு? சபையில அத்தனை பேரும் ஆம்னு சொன்னோமே! யாரும்மா இந்த வேலையைப் பண்ணினது?"

அந்தப் பெண் பளபளத்துக்கொண்டிருந்த என் கடிகாரத்தை என் பக்கமாகவே நகர்த்தி வைத்தார்.

"அந்த விளக்கு இன்னும் என் மேசையிலதான் இருக்கு சார்."