ஒரு புகாரும் இல்லை

எந்தக் கடையில் எந்த விதைநெல் இருக்கிறது என்று விவசாயிகள் போனில் தேடிப் பார்க்கும் சேவை அது. சம்பா விதைப்பு நேரம். தஞ்சாவூர் அலுவலகத்தில் மேலாளர் மதலைமுத்து, சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் சுடர்விழியைக் கூப்பிட்டார்.

“தேடுறதுக்கு மட்டும் மூணு சர்வர் எதுக்குங்க?”

“வேலையைப் பிரிச்சுக்கும் சார். ஒண்ணு நின்னாலும் மத்தது இழுத்துக்கும். தேடுறவங்களுக்குத் தெரியாது.”

“ஒரு மாசமா ஒரு புகாரும் இல்ல. ஒண்ணே போதும். ரெண்டை நிறுத்திடுங்க.”

“நிறுத்த வேண்டாம் சார். ரெண்டும் நின்னுதான் கிடக்கு.”

மதலைமுத்து நிமிர்ந்தார்.

“ஒண்ணு போய்ப் பத்து நாளாச்சு. அன்னைக்கே சொன்னேன், சம்பா முடியட்டும்னீங்க. இன்னொண்ணு இன்னைக்குக் காலையில போச்சு. அதைச் சொல்லத்தான் வந்துக்கிட்டிருந்தேன், நீங்களே கூப்பிட்டீங்க.”

“ஒருத்தர்கூடப் புகார் சொல்லலையே?”

“சொல்ல மாட்டாங்க சார். அதுக்குத்தானே மூணு வச்சோம்.”

மதலைமுத்து தன் போனை எடுத்து, ‘சி.ஆர். 1009’ என்ற நெல் ரகத்தை அடித்துத் தேடினார். ஒரத்தநாட்டில் இரண்டு கடைகளில் இருப்பதாக உடனே பதில் வந்தது.

அது வந்த வேகத்தைப் பார்த்து முதல்முறையாக அவருக்குப் பயம் வந்தது.